குணமடைந்தோர் கணக்கில் நானா?

2021 மே மாதம் தினமும் வந்த கொரோனா அறிக்கையில் ‘குணமடைந்து வீடு திரும்பியோர்’ என்று ஓர் எண் இருக்கும். அதில் நானும் ஒருத்தி. வீடு திரும்பியது உண்மை. குணமடைந்தேன் என்று யார் சொன்னது?

மாடிப்படி ஏறினால் மறுநாள் முழுக்கப் படுக்கை. கணக்கு டீச்சர் நான்; பிள்ளைகள் முன்னால் ஏழெட்டு எத்தனை என்று தடுமாறி நின்றேன். ஈசிஜி, எக்கோ, ரத்தம் எல்லாம் நார்மல். “மனச லேசா வச்சுக்குங்கம்மா” என்றார் டாக்டர். ஈசிஜியைப் படுக்கவைத்துத்தானே எடுத்தீர்கள்? எழுந்து நின்றால் நாடி 72இலிருந்து 120க்கு ஓடுகிறதே! பத்து நிமிஷம் நிற்கவைத்து எண்ணியிருந்தால் தெரிந்திருக்கும். அந்தப் பத்து நிமிஷம் எனக்குக் கிடைக்கவில்லை. மருந்துச் சீட்டு மட்டும் உடனே கிடைத்தது.

முதலில் சத்து மாத்திரை. பிறகு ஸ்டீராய்டு: சாப்பிட்ட வரை நடமாடினேன், நிறுத்தியதும் விழுந்தேன், சர்க்கரை ஏறியதுதான் மிச்சம். ப்ரோப்ரனலால் படபடப்பை அடக்கியது. கூடவே என்னையும் அடக்கியது, கை தூக்கித் தலைவார முடியவில்லை. மனச்சோர்வு மாத்திரை எழுதியவரிடம், அது கேட்கவில்லை என்றேன், அளவைக் கூட்டினார். மாமியார் காய்ச்சித் தந்த கபசுரக் குடிநீரையும் விடவில்லை.

கடைசியாக நால்ட்ரெக்ஸோன். குடியை விடுவதற்குத் தருகிற 50 மில்லிகிராம் மாத்திரைதான் எங்களூர்க் கடையில் கிடைக்கிறது. எனக்கு எழுதியது 1 மில்லிகிராம். கடைக்காரர் என் கணவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். (பாவம், அவர் பீடிகூடத் தொட்டதில்லை.) மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து, ஊசிக்குழாயில் அளந்து குடிக்கிறேன். கொஞ்சம் தேவலை போலிருக்கிறது. மருந்தாலா, நாள்பட்டதாலா? யாரைக் கேட்பேன்?

மருந்து இல்லை என்பதற்காக நான் கத்தவில்லை. கொரோனாவுக்குப் பிறகும் விடாத இந்தத் தொல்லையை ஆராய அமெரிக்க அரசு 2020 டிசம்பரில் 115 கோடி டாலர் ஒதுக்கியும், அந்தத் திட்டத்தில் மருந்துச் சோதனை தொடங்க 2023 ஆயிற்று. ஸ்டான்ஃபோர்டில் இதே தொல்லை உள்ள 155 பேரிடம் பாக்ஸ்லோவிட் என்ற கொரோனா மருந்தைச் சோதித்து, பலனில்லை என்று 2024இல் சொன்னார்கள். சரி, பலனில்லை. ஆனால் அந்த 155 பேருக்கும் என்ன ஆயிற்று என்று உட்கார்ந்து எழுதிவைத்தார்களே! என் உடம்பில் நடந்ததும் சோதனைதான். எந்த மாத்திரை என்ன செய்தது என்று இதுவரை ஒரு டாக்டர் குறித்துக்கொண்டதுண்டா? பழைய சீட்டை நீட்டினால் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்குப் பின்னால் வரிசையில் உட்கார்ந்திருப்பவளுக்கும் அதே ஸ்டீராய்டு, அதே வீழ்ச்சி.

செலவோ என் தலையில். ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் காப்பீடாம். வீட்டில் படுத்துக் கிடப்பவளுக்குக் காலணா கிடையாது. சம்பளமில்லா விடுப்பில் வளையல்கள் போய்விட்டன.

அடுத்த வாரம் இன்னொரு டாக்டர். புது மாத்திரை எழுதட்டும், போடுகிறேன். ஆனால் இது எதற்காக, எத்தனை நாளில் பலன் தெரியும், தெரியாவிட்டால் எப்போது நிறுத்துவது, மூன்றையும் அந்தச் சீட்டிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும்.