"தூக்கிப் போடுங்க டீச்சர்" என்று சொன்ன பிள்ளைகளுக்கு

இது நீளமான பதிவு. என் வகுப்பில் நாற்பது நிமிடம் உட்கார்ந்த பிள்ளைகள்தானே, இன்னும் பத்து நிமிடம் உட்காருங்கள்.

போன மாதம் என் லேப்டாப் திரை கறுத்துப் போய்விட்டது, யாருக்காவது வழி தெரியுமா என்று கேட்டு எழுதியிருந்தேன். வந்த பதில்களில் மூன்றை மட்டும் இங்கே தருகிறேன்.

"அத்தை, பத்து வருஷத்துக்கு மேல ஆன மெஷின். தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க."

"டீச்சர், உங்களுக்கு எதுக்கு இந்த லினக்ஸ் எல்லாம்? கிராக் விண்டோஸ் போட்டுக்கலாம். ஐநூறு ரூபாய்தான்."

"சித்தி, நான் அப்பவே சொன்னேன்."

மூன்று பேரும் என் மேல் அக்கறை உள்ளவர்கள். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மூன்று பதிலும் தப்பு. ஏன் தப்பு என்று விளக்காமல் மதிப்பெண் குறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த லேப்டாப் என் மகன் இன்ஜினியரிங் சேர்ந்தபோது 2014இல் வாங்கியது. அவன் வெளிநாடு போன பிறகு எனக்கு வந்தது. விண்டோஸ் 10க்கான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிகிறது என்று அறிவித்தார்கள். விண்டோஸ் 11 இந்தப் பழைய பிராசஸரை ஏற்காது. ஓடுகிற மெஷின், கீபோர்டில் ஓர் எழுத்துகூடத் தேயவில்லை, ஆனால் 'உன் காலம் முடிந்தது' என்கிறார்கள். அதனால் மகன் லீவில் வந்தபோது லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான்.

அதை நான் சும்மா வைத்திருக்கவில்லை. மாலையில் வீட்டுக்கு ஏழு பிள்ளைகள் படிக்க வருகிறார்கள். எங்கள் தெரு முனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரின் மகள் அதில் ஒருத்தி. ஏழாம் வகுப்பு. பின்னம் என்றாலே அழுதுகொண்டிருந்த குழந்தை, ஜியோஜீப்ராவில் வட்டத்தை வெட்டி வெட்டிப் பார்த்து, இப்போது மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். அவள் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. இந்த மெஷின்தான் அவளுக்குக் கம்ப்யூட்டர். நான் முப்பது வருடத்துக்கு மேலாக எழுதிச் சேர்த்த பாடக்குறிப்புகளும் அதற்குள்தான் இருக்கின்றன.

ஒரு நாள் அப்டேட் போட்டுவிட்டுத் திரும்ப ஆன் செய்தேன். நிறுவனத்தின் சின்னம் வந்தது. பிறகு திரை முழுக்கக் கறுப்பு.

நூறடி ரோடு பக்கம் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். கடைத் தம்பி அரை நிமிடம் பார்த்தார். "டிஸ்ப்ளே போயிருக்கும்மா, இல்லைன்னா போர்டு. எட்டாயிரம் ஆகும். எதுக்கும் முதல்ல ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் போட்டுப் பார்க்கலாம்" என்றார். உள்ளே இருப்பது என்ன ஆகும் என்று கேட்டேன். "அது போயிடும்மா" என்றார், பழைய செய்தித்தாளைப் பற்றிப் பேசுவது போல. பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்றிரவு என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு மாணவன் போன் செய்தான். ஒரு பாலிடெக்னிக் லேபில் வேலை பார்க்கிறான். பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டான். அவன் புதுசு வாங்கச் சொல்லவில்லை. கேள்வி கேட்டான்.

"டீச்சர், ஆன் பண்ணினதும் கம்பெனி சின்னம் தெரியுதா?" தெரிகிறது. "அப்ப டிஸ்ப்ளே நல்லா இருக்கு. கறுப்பான பிறகு கேப்ஸ் லாக் அழுத்தினா லைட் எரிஞ்சு அணையுதா?" அணைகிறது. "அப்ப உள்ளே சிஸ்டம் உயிரோடதான் இருக்கு. படத்தைத் திரைக்கு அனுப்புற இடத்துலதான் தகராறு."

இரண்டே கேள்வி. எட்டாயிரம் ரூபாய் கணக்கு பொய் என்று தெரிந்துவிட்டது. இதைத்தான் நான் உங்களுக்கெல்லாம் அறிவியல் பாடத்தில் சொல்லிக் கொடுத்தேன்: பல்பு எரியவில்லை என்றால் உடனே பல்பை மாற்றாதே, கரண்ட் இருக்கிறதா, ஒயர் சரியா, சுவிட்ச் சரியா என்று வரிசையாகப் பார். ஐடி கம்பெனியில் பெரிய பதவியில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது மறந்துபோய், லேப் உதவியாளருக்கு ஞாபகம் இருக்கிறது.

பிறகு அவன் சொன்னபடி செய்தேன். ஆன் செய்தவுடன் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தால் ஒரு பட்டியல் வருகிறது. சில மெஷினில் எஸ்கேப் விசை. அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்று ஒரு வரி. அதற்குள் போனால் பழைய கர்னல்கள் வரிசையாக இருக்கின்றன. புதியதை விட்டுவிட்டு, அதற்கு முந்தையதைத் தேர்ந்தெடுத்தேன். திரை வந்துவிட்டது! என் குறிப்புகள் எல்லாம் அப்படியே இருந்தன. முதல் வேலையாகப் பென் டிரைவில் எடுத்து வைத்தேன். பழைய கர்னல் இல்லாதவர்கள், அதே பட்டியலில் ஆங்கில 'இ' எழுத்தை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' என்ற சொல்லைச் சேர்த்து எஃப்10 அழுத்தினால், மங்கலாகவாவது பெரும்பாலும் உள்ளே போய்விடலாமாம். அது அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான். எதுவும் அழியாது.

காரணம் என்ன? என் லேப்டாப்பில் இரண்டு கிராஃபிக்ஸ். ஒன்று பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது. இன்னொன்று விளையாட்டுக்காக என்று சொல்லி விற்ற தனிச் சிப். தனிச் சிப்புக்கு அதன் நிறுவனம் கொடுத்த மூடிய டிரைவர், புதிய கர்னலோடு சேரவில்லை. பழைய சிப் என்று சொல்லி அந்த டிரைவரைப் புதுப்பிப்பதை நிறுவனம் எப்போதோ நிறுத்திவிட்டது. அந்த டிரைவரை நீக்கிவிட்டு, உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸை மட்டும் பயன்படுத்தச் சொன்னான். புதிய கர்னலிலும் திரை வந்தது. மொத்தச் செலவு பூஜ்யம். இப்போது சூடும் குறைந்திருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டிரைவர் என்றால் என்ன? மொழிபெயர்ப்பாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கர்னல் ஒரு மொழி பேசுகிறது, சிப் வேறு மொழி பேசுகிறது. சிப்பின் இலக்கணத்தை நிறுவனம் வெளியிட்டால், யார் வேண்டுமானாலும் மொழிபெயர்ப்பாளர் ஆகலாம். ரகசியமாகப் பூட்டி வைத்தால், அவர்கள் அனுப்பும் ஆள் மட்டும்தான் பேச முடியும். அந்த ஆளை அவர்கள் வேலையிலிருந்து நிறுத்திய நாளில், உங்கள் சிப் ஊமை. பணம் கொடுத்து வாங்கியது நீங்கள். எப்போது ஊமையாக வேண்டும் என்று முடிவெடுப்பது அவர்கள். "லினக்ஸ் சரியில்லை" என்று சொல்கிறீர்களே, பூட்டியவனை விட்டுவிட்டுக் கதவுக்கு வெளியே நிற்பவனைத் திட்டுவது என்ன நியாயம்?

இந்தச் சண்டை இன்று வந்ததும் இல்லை. கட்டற்ற மென்பொருள் இயக்கம் உருவானதற்கு ஒரு காரணமே இதே மாதிரி ஒரு தொல்லைதான். 1980 வாக்கில், அமெரிக்காவில் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் புது லேசர் பிரின்டர் வந்தது. காகிதம் சிக்கினால் எல்லாருக்கும் தகவல் போகும்படி பழைய பிரின்டரின் நிரலை மாற்றி வைத்திருந்தார் ரிச்சர்ட் ஸ்டால்மன். புதியதில் மாற்ற நிரலே தரவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் அதை வைத்திருந்தவரும், ஒப்பந்தம் போட்டிருக்கிறேன் என்று கை விரித்துவிட்டார். அந்தக் கோபத்தை ஸ்டால்மன் மறக்கவில்லை. 1983இல் குனூ திட்டத்தை அறிவித்தார்.

2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் பேசிய லினக்ஸின் தந்தை லினஸ் டோர்வால்ட்ஸ், என்விடியாவைப் பற்றிக் கேட்டபோது, தாங்கள் பழகிய நிறுவனங்களிலேயே மோசமானது என்று சொல்லி, கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டினார். என் வகுப்பில் காட்டியிருந்தால் பெஞ்ச் மேல் நிற்க வைத்திருப்பேன். ஆனால் கோபத்தில் நியாயம் இருந்தது. நிறுவனம் இலக்கணத்தைச் சொல்லாததால், 'நூவோ' என்ற திட்டத்தில் தன்னார்வலர்கள் சிப்பின் நடத்தையைப் பார்த்துப் பார்த்தே டிரைவர் எழுதிக்கொண்டிருந்தார்கள். பத்து வருடம் கழித்து, 2022 மே மாதம், அதே என்விடியா தன் புதிய சிப்புகளுக்கான கர்னல் பகுதியின் மூல நிரலை வெளியிட்டது. ஏஎம்டி 2007லேயே தன் சிப்புகளின் விவரங்களைத் திறக்கத் தொடங்கியிருந்தது. திறந்ததால் இவர்களில் யாரும் கடையை மூடிவிடவில்லை. ஆகவே 'முடியாது' என்பது பொய். கேட்க ஆள் இல்லாதவரை மனமில்லை, அவ்வளவுதான்.

கேட்க வேண்டியது யார்? நம் அரசாங்கம். சாதாரணமாகச் சொல்லவில்லை, கணக்கோடு சொல்கிறேன். 2011 முதல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுத்தார்கள். 2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ என்று அறிவித்தார்கள். இவ்வளவு வாங்குகிறவர் ஒரு நிபந்தனை போட்டால் எந்த நிறுவனம் மறுக்கும்? டெண்டரில் ஒரே ஒரு வரி போதும்: 'இதிலுள்ள எல்லாப் பாகங்களுக்கும் திறந்த மூல டிரைவர் இருக்க வேண்டும்.' சி-டாக் நம் சென்னையிலேயே 2007இல் 'பாஸ்' லினக்ஸை வெளியிட்டது. கேரளத்தில் அரசுப் பள்ளிகள் பல வருடங்களாகக் கட்டற்ற மென்பொருளில்தான் பாடம் நடத்துகின்றன. நம்மால் முடியாதா?

கிராக் போடச் சொன்ன பிள்ளைக்குத் தனியாக ஒரு வார்த்தை. காப்பி அடித்ததற்காக உன்னை ஒரு முறை தலைமையாசிரியர் அறை வாசலில் நிற்க வைத்தேன், ஞாபகம் இருக்கிறதா? ஏழு பிள்ளைகள் பார்க்கும் மெஷினில் திருட்டுச் சரக்கை ஏற்றிவிட்டு, நான் எந்த முகத்தோடு ஆத்திசூடி சொல்லித் தருவது? அந்தக் கிராக்கில் என்ன வைரஸ் வருகிறது என்பதும் உனக்குத் தெரியாது.

லினக்ஸ் பக்கம் இருப்பவர்களையும் விடப் போவதில்லை. சந்தேகம் கேட்டால் "மேனுவலைப் படி" என்று விரட்டும் வழக்கம் உங்களில் பலருக்கு இருக்கிறது. நான் அப்படிச் சொல்லியிருந்தால் என் வகுப்பில் ஒரு பிள்ளையும் இரண்டாம் வாய்ப்பாட்டைத் தாண்டியிருக்காது. பிழைச் செய்தி ஆங்கிலத்தில், அதுவும் கறுப்புத் திரையில், புரியாத எண்களோடு வருகிறது. 'கணியம்' போல 2012 முதல் தமிழில் எழுதிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். அது போதாது. மற்றவர்களும் எழுத வேண்டும். திறந்த கதவாகவே இருந்தாலும், வாசற்படி இவ்வளவு உயரமாக இருந்தால் இஸ்திரிக்காரர் மகள் எப்படி ஏறுவாள்?

"டீச்சர், எங்களுக்கு நேரம் இல்லை, அதனாலதான் புதுசு வாங்கச் சொன்னோம்" என்பீர்கள். உங்களால் ஐம்பதாயிரம் கொடுத்து வாங்க முடியும். என் பென்ஷனிலும் தவணை கட்டலாம். அவள் அப்பா ஒரு துணிக்குப் பத்து ரூபாய் வாங்குகிறார். ஐம்பதாயிரத்துக்கு எத்தனை துணி என்று அவளே எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினாள். ஐயாயிரம் துணி. பழைய மெஷின் ஓட வேண்டியது அவளுக்காக.

வீட்டுப் பாடம் மூன்று. ஒன்று, அடுத்த முறை லேப்டாப் வாங்கும்போது, இதன் கிராஃபிக்ஸுக்கும் வைஃபைக்கும் திறந்த டிரைவர் இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். தெரியாது என்பார்கள். கேட்டுக்கொண்டே இருங்கள். இரண்டு, பரணில் கிடக்கும் பழைய மெஷினைக் காயலான் கடைக்குப் போடும் முன் என்னிடம் சொல்லுங்கள். மூன்று, அரசு வேலையில் இருக்கும் பிள்ளைகள் அந்த டெண்டர் வரியைப் பற்றி உரிய இடத்தில் பேசுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதலாம். காரணத்தோடு எழுத வேண்டும். "நான் அப்பவே சொன்னேன்" என்பது காரணம் ஆகாது, சித்தி சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
அசோக் நகர்