எந்த மூவ்ல போச்சு?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பள்ளிகளுக்கு இடையிலான செஸ் போட்டி. ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள், இரண்டாவது சுற்றில் தோற்றுவிட்டுக் கண் கலங்கி வெளியே வந்தாள். "பரவாயில்லடி, அடுத்த தடவை ஜெயிச்சுடலாம்" என்று வழக்கம்போல ஆரம்பித்தேன்.

அவளுடைய கோச் ஆறுதலே சொல்லவில்லை. "எந்த மூவ்ல போச்சு பாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

செஸ் போட்டியில் ஆடுகிறவர்கள் ஒவ்வொரு மூவையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வருவார்கள். அந்தத் தாளைப் பிரித்து, மூக்கை உறிஞ்சியபடியே விரலை ஓட்டினாள் மகள். "16-வது மூவ் சார். குதிரையைக் காப்பாத்தப் போய் ராணியைக் கோட்டை விட்டுட்டேன்." அழுகை நின்றிருந்தது.

அன்று இரவு, விஸ்வநாதன் ஆனந்தின் பழைய ஆட்டம் ஒன்றை எனக்குப் போனில் காட்டினாள். 2013 நவம்பர், சென்னையில் நடந்த உலக சாம்பியன்ஷிப். 43 வயது ஆனந்த், தன் சொந்த ஊரில் 22 வயது கார்ல்சனிடம் 5-3 என்று பின்தங்கியிருந்தார். 9-வது ஆட்டத்தில் ஜெயித்தாக வேண்டிய நிலை. 28-வது மூவில், பிஷப்பை வைக்க வேண்டிய கட்டத்தில் குதிரையை வைத்துவிட்டார். கார்ல்சன் அடுத்த மூவை ஆடியதுமே ஆட்டம் முடிந்தது. 2007-லிருந்து வைத்திருந்த பட்டம் மறுநாள் கைவிட்டுப் போனது.

நான்கே மாதத்தில், மீண்டும் உலக சாம்பியனோடு மோதுவதற்கான கேண்டிடேட்ஸ் போட்டியில் 14 சுற்றிலும் தோற்காமல் முதலிடம் பிடித்தார் ஆனந்த். அதே வருடம் கார்ல்சனிடம் மறுபடியும் தோற்றார் என்பதும் உண்மை. ஆனாலும் ஆடிக்கொண்டே இருந்தார். 2017-ல், 48 வயதில், உலக ரேபிட் சாம்பியன் ஆனார்.

மகள் தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் நான் ஒரு இட்லி மாவுக் கடை போட்டேன். 4 பவுன் செயினை அடகு வைத்து கிரைண்டர், ஃபிரிட்ஜ், கடை அட்வான்ஸ் எல்லாம் கொடுத்தேன். எட்டே மாதத்தில் மூடினேன். அதன்பிறகு யார் கேட்டாலும் என்னிடம் ஒரே பதில்தான்: "எனக்குக் கைராசி இல்லீங்க."

அன்று இரவுதான் ஒரு நோட்டை எடுத்து, நடந்ததை வரிசையாக எழுதினேன். ஏற்கெனவே இரண்டு மாவுக் கடை இருந்த தெருவில் போய்க் கடை பிடித்தது. கரண்ட் பில்லையும் என் உழைப்பையும் சேர்க்காமல் விலை வைத்தது. தெரிந்தவர்களுக்குக் கடன் கொடுத்துவிட்டு, திருப்பிக் கேட்கக் கூச்சப்பட்டது. கோடையில் மிஞ்சிய மாவு புளித்து, கொட்டியது.

கடைசியாக எழுதிய வரிதான் வலித்தது. இது ஓடாது என்று மூன்றாவது மாதமே எனக்குத் தெரியும். 'நாலு பேர் என்ன சொல்வாங்களோ' என்று இன்னும் ஐந்து மாதம் இழுத்தேன். என் செயின் மூழ்கியது அந்த ஐந்து மாதத்தில்தான். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

'நான் ராசியில்லாதவள்' என்பதற்கு மருந்து கிடையாது. 'கடன் கொடுத்தேன்' என்பதற்கு உண்டு: இனிமேல் கொடுக்காமல் இருக்கலாம். இப்போது பக்கத்து அபார்ட்மென்ட்டில் முதல் நாளே ஆர்டரும் பணமும் வாங்கிக்கொண்டு, தேவையான அளவு மட்டும் வீட்டிலேயே அரைத்துக் கொடுக்கிறேன். பெரிய வருமானம் இல்லை. ஆனால், ஒரு கரண்டி மாவுகூட வீணாவதில்லை.

உங்களுக்கும் ஒரு தோல்வி இருக்கும். தேர்வோ, தொழிலோ, உறவோ. ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். அடுத்தவர் செய்த மூவையும் எழுதுங்கள். நீங்கள் செய்ததை மட்டும் வட்டம் போடுங்கள்.

போன வாரம் மகள் இன்னொரு போட்டிக்குப் போனாள். அதிலும் ஒரு ஆட்டம் தோல்வி. வெளியே வந்தவள் முகத்தில் லேசான சிரிப்பு.

"இந்தத் தடவை வேற இடத்துல தோத்தேம்மா!"