காலை ஐந்தரை மணிக்கு ஓர் அறை

சென்ற ஆண்டு மதுரையில் உறவுக்காரப் பையனின் கல்யாணம். அப்பா, அம்மா, நான் மூவரும் கிளம்பினோம். மாலையில் வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம். நடுவில் ஒரு பகல் முழுதாகக் கையில் இருந்தது. அம்மாவுக்கு மீனாட்சியைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அறை பிடிக்கும் வேலை என்னுடையது. மென்பொருள் எழுதுகிறவன் என்ன செய்வானோ அதைச் செய்தேன். ஆப்பைத் திறந்தேன், மூன்று நட்சத்திரத்துக்கு மேல் என்று வடிகட்டினேன், 4.4 மதிப்பெண் வாங்கியிருந்த ஒன்றைத் தட்டினேன். 'நகர மையத்திலிருந்து 8 கி.மீ.' என்று போட்டிருந்தது. சென்னையில் தினமும் அலுவலகத்துக்கு அதைப்போல மூன்று மடங்கு போகிறவனுக்கு எட்டு கிலோமீட்டர் ஒரு தூரமா?

பாண்டியன் எக்ஸ்பிரஸ் விடிவதற்குள் மதுரையில் இறக்கிவிட்டது. ஆட்டோ பிடித்துச் சுற்றுச்சாலை போய்ச் சேர்ந்தபோது ஐந்தே முக்கால். முகப்பில் பளபளவென்று விளக்கு, கண்ணாடிக் கதவு, வணக்கம் சொல்ல ஒரு பையன்.

"சார், செக்-இன் மதியம் ரெண்டு மணிக்குதான். ரூம் காலியானா முன்னாடியே தர்றோம். இப்ப எதுவும் இல்ல சார்."

அம்மா என் சட்டையை இழுத்தாள். "ரூம் வேணாம்ப்பா. குளிக்க ஒரு பாத்ரூம் மட்டும் காட்டச் சொல்லு."

அதுவும் இல்லை. அம்மா குளிக்காமல் கோயிலுக்குள் கால் வைக்க மாட்டாள். முகப்பிலிருந்த சோபாவில் மூட்டுவலியோடு ஏழு மணிநேரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி சுமாருக்கு அறை கிடைத்தது. அதற்குள் கோயில் நடை சாத்திவிட்டார்கள். நான்கு மணிக்கு நடை திறந்தபோது நாங்கள் வரவேற்புக்குத் தயாராகிக்கொண்டிருந்தோம். மறுநாள் முகூர்த்தம், பந்தி, பன்னிரண்டு மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும், இரண்டு மணிக்குப் பேருந்து. காரில் போகும்போது தூரத்தில் தெரிந்த தெற்குக் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "கோபுர தரிசனம் கோடி புண்ணியம். விடு" என்றாள்.

என்னால் விட முடியவில்லை. காரணம், தவறு அந்த விடுதியுடையது அல்ல. அறை சுத்தமாக இருந்தது, வெந்நீர் வந்தது, காலை உணவில் பொங்கல்கூட நன்றாக இருந்தது. 4.4 என்பது நியாயமான மதிப்பெண்தான். பிழை தேர்ந்தெடுத்த முறையில் இருந்தது. அந்த முறையைச் செய்தவர்களில் நானும் ஒருவன். இரண்டு வருடம் ஒரு பயண நிறுவனத்தில் அறைத் தேடல் பக்கத்துக்கு நிரல் எழுதியிருக்கிறேன். ஆகவே இது கொஞ்சம் வாக்குமூலமும்கூட.

அந்தத் தேடலின் அடியில் ஒரு அட்டவணை இருக்கிறது. ஒரு பக்கம் அறை வகை, இன்னொரு பக்கம் தேதி. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் விலை, எத்தனை அறை மீதம் என்ற எண். அவ்வளவுதான். விற்பனைப் பொருளின் அலகு 'ஓர் இரவு'. மதியம் வந்து, இரவு உறங்கி, காலை உணவு சாப்பிட்டு, பன்னிரண்டு மணிக்குக் கிளம்புகிற ஒருவரை மனதில் வைத்து உண்டாக்கிய அலகு அது. தேதி உண்டு, மணி இல்லை. காலை ஐந்தரைக்கு ரயிலை விட்டு இறங்கும் ஒரு அம்மா அந்த அட்டவணையில் எந்தக் கட்டத்திலும் இல்லை.

ஆனால் தமிழ்நாட்டில் பயணம் எப்படி நடக்கிறது? இரவு ஒன்பது, பத்து மணிக்கு எழும்பூரிலோ கிளாம்பாக்கத்திலோ ஏறுகிறோம். விடியும்போது மதுரை, திருநெல்வேலி, கும்பகோணம். உறக்கம் வண்டியிலேயே முடிந்துவிட்டது. நமக்குத் தேவை இரவு அல்ல, காலை. குளிக்க ஓர் இடம், பையை வைக்க ஓர் இடம், மதியம் முதுகைச் சாய்க்க ஒரு கட்டில். இதை நம் ஊர் லாட்ஜ்காரர்கள் எந்த மேலாண்மைப் படிப்பும் இல்லாமல் கண்டுபிடித்துவிட்டார்கள். '24 மணி நேர செக்-அவுட்' என்று பலகை வைத்தார்கள். காலை ஐந்தரைக்கு வந்தால் மறுநாள் ஐந்தரை வரை அறை உங்களுடையது. மதுரையில் டவுன்ஹால் ரோட்டிலும் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியிலும் இன்றும் இந்த வழக்கம் உள்ள லாட்ஜுகள் உண்டு. தேதியை அலகாகக் கொண்ட அட்டவணையில் இந்த 24 மணிநேரத்தை வைக்க இடமில்லை. ஆகவே அப்படி ஒரு லாட்ஜ் ஆப்புக்குள் வரும்போது இரண்டில் ஒன்று நடக்கிறது. பலகையைக் கழற்றிவிட்டு மதியக் கணக்குக்கு மாறுகிறது. அல்லது தன்னுடைய மிகப் பெரிய வசதியைச் சொல்ல வழியில்லாமல், பழைய கட்டில் புகைப்படத்தோடு 3.1 மதிப்பெண்ணில் பட்டியலின் அடியில் கிடக்கிறது.

வடிகட்டியில் இல்லாதது உலகத்தில் இல்லை. எங்கள் தொழிலின் பெரிய பாவம் இதுதான்.

நட்சத்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் விடுதிகளுக்கு முறையாக நட்சத்திரம் கொடுப்பது ஒன்றிய சுற்றுலா அமைச்சகம். விடுதிகள் தாமாக முன்வந்து விண்ணப்பித்தால் வந்து சோதிப்பார்கள். அறையின் அளவு, குளியலறை, மின்தூக்கி, பணியாளர், பாதுகாப்பு என்று பட்டியல் நீளும். எல்லாம் சுவருக்கு உள்ளே இருப்பவை. விடுதியின் வாசலைத் தாண்டி இடது பக்கம் திரும்பினால் என்ன இருக்கிறது என்பதற்கு நட்சத்திரம் கிடையாது. ஆப்பில் நாம் பார்க்கும் நட்சத்திரம் பல நேரம் இந்த அரசு நட்சத்திரம்கூட இல்லை, விடுதியோ ஆப்போ தானே போட்டுக்கொண்டது.

வாடிக்கையாளர் மதிப்பெண் இன்னும் மோசம். அது பொய் என்பதால் அல்ல, சராசரி என்பதால். மருந்து விற்பனைப் பிரதிநிதி, தேனிலவு ஜோடி, கல்யாணக் கூட்டம், பரீட்சை எழுத வந்த பையன் எல்லோரும் போட்ட மதிப்பெண்ணைக் கூட்டி வகுத்தால் கிடைப்பவர் யார்? அப்படி ஒரு மனிதர் எந்த ரயிலிலும் வந்து இறங்கியதில்லை. அவருக்குப் பிடித்த அறையைத்தான் நாம் எல்லோரும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மொழியையே பாருங்கள். தமிழில் 'ஹோட்டல்' என்றால் இட்லி கிடைக்கும் இடம். தங்குவதற்கு லாட்ஜ். ஊர் நடுவே பலர் சேர்ந்து மாதக்கணக்கில் தங்கினால், திருவல்லிக்கேணியில் இருப்பதுபோல, மேன்ஷன். கோயிலுக்கு வந்தவர்களுக்குச் சத்திரம். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரில் ராணி மங்கம்மாள் பெயரில் சத்திரம் இருக்கிறது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அந்த ஊரை ஆண்டவர் அவர். யார், எதற்காக, எவ்வளவு நாள் என்பதை வைத்து நம்மிடம் தனித்தனிச் சொற்கள் இருந்தன. ஆப்பில் எல்லாம் ஒரே சொல்லாகி, மேலிருந்து கீழாக ஒரே வரிசையாகிவிட்டது.

வேலூரில் சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களைப் பார்த்திருக்கிறீர்களா? வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு வருபவர்களுக்காகவே லாட்ஜுகள். பலகைகளில் வங்க எழுத்து. அறையிலேயே சமைத்துக்கொள்ள வசதி. நோயாளிக்குக் கஞ்சி வைக்க வேண்டும், வீட்டுச் சாப்பாடு வேண்டும், மூன்று வாரம் ஆகலாம், நான்கும் ஆகலாம். அந்த அறைகளை 'சமையல் மணம் வருகிறது' என்று இரண்டு நட்சத்திரம் போட்டுத் திட்ட ஒருவரால் முடியும். ஒரு தாய்க்கு அந்த மணம்தான் மருந்தில் பாதி.

அப்படியானால் எப்படித் தேர்ந்தெடுப்பது? நான் இப்போது ஒரே கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அந்த ஊரில் எனக்கு முக்கியமான மணி எது?

மதுரைக்குக் கோயிலுக்காகப் போனால் முக்கியமான மணி விடியற்காலை, அப்புறம் இரவு. ஊரே கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக இருக்கிறது. சித்திரை, ஆவணி மூலம், மாசி, கடைசியில் வெளி வீதி. மாசி வீதிக்குள் அறை எடுத்தால் நடந்தே போகலாம், நடை சாத்தும்போது வந்து படுத்துவிட்டு மாலையில் மறுபடி போகலாம், இரவு சாப்பாட்டுக்கும் வண்டி வேண்டாம். சுற்றுச்சாலை விடுதி அழகர்கோவிலுக்கும் கொடைக்கானலுக்கும் காரில் போகிறவருக்கு நல்லது. அவரை நான் குறை சொல்லவில்லை.

சென்னைக்கு ஜனவரியில் புத்தகக் காட்சிக்கு வருகிறவர், வார இறுதியில் விலை மலிவு என்று ஓஎம்ஆரில் அறை எடுக்கிறார். அங்கே ஏன் மலிவு? திங்கள் முதல் வெள்ளி வரை வரும் கம்பெனி ஆட்கள் சனி, ஞாயிறு வருவதில்லை. மாமல்லபுரம் போகிறவருக்கு அது யோகம். நந்தனத்துக்குப் போகிறவர், மிச்சம் பிடித்த காசை டாக்ஸிக்குக் கொடுத்துவிட்டு, புத்தகப் பையோடு போக்குவரத்தில் நிற்பார். சைதாப்பேட்டையில் ஒரு சாதாரண அறை அவருக்கு ஐந்து நட்சத்திரம். மார்கழிக் கச்சேரிக்கு வருகிறவருக்கு மயிலாப்பூர். இரண்டு கச்சேரிக்கு நடுவில் முக்கால் மணிநேரம் படுக்க முடிகிறதா என்பதுதான் அங்கே வசதி.

புதுச்சேரியில் கடற்கரைச் சாலையில் மாலையிலிருந்து மறுநாள் காலைவரை வண்டி விடுவதில்லை. அந்த ஊரின் முக்கியமான மணி அதுதான். பத்து கிலோமீட்டர் தள்ளி நீச்சல்குளத்தோடு தங்குகிறவர் அந்த நேரத்தில் நீச்சல்குளத்தில் இருக்கிறார். கொல்கத்தாவில் காலேஜ் ஸ்ட்ரீட் புத்தகக் கடைகளுக்காகப் போகிறவர் எஸ்பிளனேடு பக்கம் பழைய கட்டடத்தில் தங்கினால் மெட்ரோவில் மூன்றாவது நிறுத்தம். விமான நிலையப் பக்கம் நியூ டவுனில் பெரிய அறை, பெரிய சன்னல் எல்லாம் கிடைக்கும். சன்னலுக்கு வெளியே கொல்கத்தா மட்டும் இருக்காது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதை என் அலுவலகத் தோழி முகத்துக்கு நேராகச் சொன்னாள். "நீ ஆம்பள, குடும்பத்தோட போற. உனக்கு லாட்ஜ் ரொமான்டிக்கா இருக்கும். நான் தனியா போய் நின்னா, 'கூட யாரு வந்திருக்காங்க மேடம்?'னு கேப்பான். ஆப்ல புக் பண்ணா ரூம் சாவி வரும். லாட்ஜ்ல போனா கேள்விதான் வரும்."

உண்மை. தனியாக வரும் ஆணுக்கே பல லாட்ஜுகள் அறை தருவதில்லை, தற்கொலை செய்துகொள்வானோ என்று பயம். கணவன் மனைவி அல்லாத இருவர் வந்தால் சொல்லவே வேண்டாம். கோவையில் ஒரு தங்குமிடத்துக்கு அதிகாரிகள் முத்திரையிட்ட வழக்கில், திருமணமாகாத இருவர் ஓர் அறையில் தங்குவதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் சொன்னது. தீர்ப்பு வந்தது, மேஜைக்குப் பின்னால் இருப்பவரின் பார்வை மாறவில்லை. லாட்ஜ் யாருக்காக இருந்தது என்று கேட்டால், குடும்பத்துக்காகவும் குடும்பஸ்தனுக்காகவும்தான். அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்தது ஆப்தான், மறுக்க மாட்டேன். ஆனால் அது வியாபாரம் திறந்த கதவு. 2025 ஜனவரியில் ஓயோ மீரட் நகரத்தில் விதியை மாற்றி, ஜோடியாக வருபவர்களிடம் உறவுக்குச் சான்று கேட்கலாம், திருமணமாகாதவர்களை மறுக்கலாம் என்று விடுதிகளுக்குச் சொன்னது. வியாபாரம் திறந்த கதவை வியாபாரமே சாத்தும்.

என் தோழி கேட்டதும் என் அம்மா கேட்டதும் ஒரே விஷயம்தான். நான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று தெரிந்துகொண்டு ஓர் அறை கொடு. லாட்ஜ் அதைத் தெரிந்துகொண்டு சிலரை வெளியே நிறுத்தியது. ஆப் தெரிந்துகொள்ளவே மறுத்து எல்லோரையும் ஒரே சோபாவில் உட்கார வைக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும். வந்து சேரும் மணியைக் கேட்கும் ஒரு பெட்டி, '24 மணி நேரம்' என்று ஒரு வடிகட்டி, மதிப்பெண்ணைத் தனியாக வந்த பெண்கள், வயதானவர்கள் என்று பிரித்துக் காட்டும் ஒரு பொத்தான். தொழில்நுட்பமாகப் பார்த்தால் இதில் ராக்கெட் அறிவியல் எதுவும் இல்லை. அங்கே வேலை செய்தபோது மணிக்கான பெட்டியை நானே ஒருமுறை முன்வைத்தேன். "எத்தனை பேர் இதைக் கேட்கிறார்கள், டேட்டா இருக்கா?" என்றார் மேலாளர். இல்லை. கேட்கப் பெட்டியே இல்லாத இடத்தில் கேட்டவர்களின் கணக்கு எப்படி இருக்கும்?

அதுவரைக்கும் தொலைபேசி இருக்கிறது. இந்தப் பொங்கல் முடிந்த வாரம் அம்மாவை மறுபடி மதுரைக்கு அழைத்துப் போனேன். முந்தின நாளே ஒரு லாட்ஜுக்குப் போன் போட்டேன். மூன்று கேள்விதான். எத்தனை மணிக்கு அறை தருவீர்கள்? லிஃப்ட் இருக்கிறதா? வாசலிலிருந்து மேலக் கோபுரத்துக்கு நடக்க எவ்வளவு நேரம்? "அஞ்சு மணிக்கே வாங்க தம்பி, ஆள் முழிச்சிருப்பான். லிஃப்ட் ரிப்பேர், கீழ் ரூம் எடுத்து வைக்கிறேன். அம்மா நடந்தா பத்து நிமிஷம்" என்றார்.

சுவரில் ஈரக் கறை இருந்தது. மின்விசிறி சத்தம் போட்டது. ஆறேகாலுக்கு அம்மா ஈரத்தலையோடு பூக்காரியிடம் முழம் என்ன விலை என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.