கயவாகுவும் கால ஆராய்ச்சியும்

தமிழிலக்கிய வரலாறு எழுதுவோர் பலருக்குக் கயவாகு என்னும் பெயர் ஐயங்களையெல்லாம் தீர்க்கும் அருமருந்தாக வாய்த்துள்ளது. கண்ணகிக்குச் சேரன் செங்குட்டுவன் எடுத்த விழாவில் இலங்கை வேந்தன் கயவாகுவும் இருந்தான் எனச் சிலப்பதிகாரத்து வரந்தரு காதை கூறும். மகாவம்சம் கூறும் முதலாம் கஜபாகு கி. பி. 2ஆம் நூற்றாண்டினன். எனவே செங்குட்டுவனும் அந்நூற்றாண்டினன். காப்பியமும் அக்காலத்ததே என்பர். 1904இல் கனகசபைப்பிள்ளையின் ஆங்கில நூல் வெளிவந்த காலந்தொட்டு இம்முடிபு நூல்தோறும் ஒப்புவிக்கப்பட்டு வருகின்றது.

இவ்வாதம் எத்துணை வலிமையுடையது? காப்பியம் ஒரு மன்னனைக் குறிப்பிடின், அஃது அவனுக்கு முற்பட்டதன்று என்பதே பெறப்படும்; அவன் காலத்ததே என்பது பெறப்படாது. இராமனைப் பாடியமையால் கம்பர் இராமன் காலத்தவர் ஆகிவிடுவாரோ? மேலும், கஜபாகு 22 ஆண்டுகள் ஆண்டமையையும் அவனுடைய விகாரைத் திருப்பணிகளையும் எடுத்துரைக்கும் மகாவம்சம், அவன் சேரநாடு சென்றமை பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. அம்மௌனம் மறுப்பாகாது, ஆயின் சான்றும் ஆகாது.

இவ்விடத்தில் இராஜாவலிய துணைக்கு அழைக்கப்படுகின்றது. கஜபாகு பத்தினியின் சிலம்பைக் கொணர்ந்தான் என்னும் அந்நூல், அவனுக்கு ஏறத்தாழ 1,500 ஆண்டுகள் பிற்பட்டது. அது கூறுவதும் சேரநாட்டு விழாவை அன்று. சிறைப்பட்ட 12,000 பேரை மீட்கச் சோழநாடு சென்ற கதையையே. அக்கதையில் இரும்புத் தண்டின் அடியால் கடல் வழிவிடுகின்றது. கடல் பிளந்தமையைப் புனைவென்று தள்ளுவோர், சிலம்பை மட்டும் வரலாறென்று கொள்வது எந்த அளவுகோலைக்கொண்டு? கணநாத் ஒபேசேகர 1970இலேயே இக்கதைகளை ஆராய்ந்து, இவற்றின்மீது காலக்கணிப்பை நிறுவுதல் தகாதென எடுத்துக்காட்டினார். அதன் பின்னரும் பழைய பாடமே ஒப்புவிக்கப்படுகின்றது.

இதனால் செங்குட்டுவன் 2ஆம் நூற்றாண்டினன் அல்லன் என்பது நிறுவப்பட்டுவிடவில்லை. வேறு சான்றுகள் அம்முடிபை வலுப்படுத்தவுங் கூடும். கண்டிக்கத்தக்கது, இருக்கக்கூடியதை இருந்ததெனக் கூறும் துணிபேயாகும். விஜயன் கதையைப் புராணமென்று நகைப்போர், தம் தொன்மைக்கு உவப்பான கதை வந்தவுடன் வினா எழுப்ப மறந்துவிடுகின்றனர். பழங்கதைகளை உரிமைப் பத்திரங்களாக நீட்டிப் பகை வளர்த்த நாட்டில் இம்மறதி சிறு பிழையன்று. பிறர் நூலுக்கு விதிக்கும் கட்டளையைத் தம் நூலுக்கும் விதிக்கத் துணியாதவர், மகாவம்சத்தை மறுத்துரைக்கும் தகுதியையும் இழந்துவிடுகின்றனர்.