ஓலையில் இல்லாத புள்ளி

தமிழ் ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. தொல்காப்பியம் புள்ளிக்கு இலக்கணம் வகுத்திருந்தும், ஓலை கிழிந்துவிடும் என்றோ விரைவு கருதியோ ஏடெழுதியோர் அதனை விட்டுவிட்டனர். 'பல' என்று எழுதியிருப்பது பலவா, பல்லா என்று முடிவு செய்வதே பதிப்பாசிரியருக்குப் பாதி வேலை. இன்று சுவடியின் படத்தைக் கணினித் திரையில் பெரிதாக்கிப் படிக்கும் ஆய்வாளருக்கு நேர்மாறான இக்கட்டு ஒன்றும் சேர்ந்திருக்கிறது. ஓலையில் எவரும் இடாத புள்ளிகள் படத்தில் தோன்றுகின்றன. அவற்றை இட்டது கறையானும் அன்று, காலமும் அன்று. பல வேளைகளில் அந்த ஆய்வாளரே தட்டச்சிட்ட ஒற்றை வரிக் கட்டளைதான்.

பட வடிவங்களை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் கருவிகளில் பழையதும் எளியதுமான ஒன்று நெட்பிபிஎம் தொகுதி. 1980களில் ஜெஃப் பொஸ்கன்சர், கறுப்பு வெள்ளைப் படங்களை மின்னஞ்சலில் சிதையாமல் அனுப்புவதற்காக, 0, 1 என்னும் எழுத்துகளாலேயே படத்தை எழுதும் ஒரு வடிவத்தை வகுத்தார். அதற்கான கருவிகள் 1988இல் வெளிவந்தன. பின்னர் சாம்பல் படத்துக்கும் வண்ணப் படத்துக்கும் உடன்பிறப்பு வடிவங்கள் சேர்ந்தன. (இருநிலை வடிவத்தின் பெயரையும் வண்ண வடிவத்தின் பெயரையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பிபிஎம்' என்றே வரும். எழுத்து தராத வேறுபாட்டைப் படிப்பவர் ஊகிக்க வேண்டிய நிலை தமிழருக்குப் புதிதன்று.) கோப்பின் தலைப்பில் வடிவத்தின் அடையாளம், அகலம், உயரம், சாம்பல், வண்ணப் படங்களில் உச்ச அளவும் உண்டு. அதன்பின் வருவன வெறும் பிக்சல்கள். சுருக்கமும் இல்லை, மறைபொருளும் இல்லை. நூறாண்டு கழித்து வருபவரும் அரைமணி நேரத்தில் அதனைப் படிக்கும் நிரல் எழுதிவிடலாம். இருநிலை வடிவத்தில் 1 என்பது கறுப்பு. சாம்பல் வடிவத்தில் 0 கறுப்பு. இவ்வொன்றை மறவாதிருந்தால் போதும்.

இடர் வருவது சாம்பல் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கும் இடத்தில். அப்பணிக்கு இத்தொகுதியில் நெடுங்காலமாக உள்ள கருவி, வேறு எதுவும் சொல்லப்படாவிட்டால், 1976இல் ஃபிளாய்டும் ஸ்டைன்பெர்க்கும் வெளியிட்ட முறையைக் கையாளும். ஒரு பிக்சலைக் கறுப்பாகவோ வெள்ளையாகவோ ஆக்கும்போது எழும் பிழையை அண்டைப் பிக்சல்களுக்குப் பகிர்ந்துகொடுப்பது அம்முறை. முகங்களின் ஒளிப்படத்துக்கு அது நேர்த்தியானது. இடைப்பட்ட நிழலைப் புள்ளிகளின் அடர்த்தியால் காட்டிவிடும். ஆனால் ஓலை முழுவதுமே இடைப்பட்ட நிறந்தான். பழுப்பேறிய ஏட்டின் வெற்றிடமெங்கும் கரும்புள்ளிகள் தூவப்படுகின்றன. பழைய மரபில் எகரக் குறிலுக்குப் புள்ளி உண்டு, நெடிலுக்கு இல்லை. எழுத்தின் தலையில் விழும் ஒரு பொய்ப்புள்ளி, நில ஆவணத்தில் உள்ள ஏரியை எரியாக்கிவிடப் போதுமானது.

அம்முறையை விலக்கி, ஒரே எல்லை மதிப்பைக் கொடுத்தாலும் தீர்வில்லை. மையும் எண்ணெயும் ஏறிய ஏட்டின் ஓரம் இருண்டும் நடு வெளிறியும் இருக்கும். நடுவிலுள்ள மெல்லிய கீற்றுகளைக் காப்பாற்றும் மதிப்பு ஓரத்தை முழுக்கக் கறுப்பாக்கும். ஓரத்தைக் காப்பாற்றினால் நடுவில் கீற்றுகள் மறையும். ஒவ்வொரு பகுதிக்கும் அதன் அண்டை நிறத்தைப் பார்த்து எல்லை வகுக்கும் கருவியும் அதே தொகுதியில் உண்டு. ஓலைக்கு அது பெரிதும் பொருந்துகிறது. எனினும், எத்தனை பிக்சல் பரப்பை அண்டையாகக் கொள்வது என்பதை மனிதரே முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவுக்குப் பெயர் தொழில்நுட்பம் அன்று, பதிப்பு.

திருவனந்தபுரத்தில் இதனைப் பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு. காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் சுவடி நூலகமும், கோட்டைப் பகுதி ஆவணக்காப்பகத்தில் மதிலகம் சுருணைகளும் இருக்கும் நகரம் இது. வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை, கிரந்தம், தமிழ் என ஒரே மேசையில் பல எழுத்துகள் வந்து நிற்கும். கணபதி சாஸ்திரி 1912இல் பாசனின் நாடகங்கள் என்று வெளியிடத் தொடங்கிய சுவடிகளில் ஆசிரியர் பெயரே இல்லை. அதனால் எழுந்த வழக்கு இன்னும் ஓயவில்லை. இந்நகரின் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பணியாற்றிய வையாபுரிப் பிள்ளை, எந்தச் சுவடியில் எந்தப் பாடம் என்று குறிப்பதில் எத்தகைய கண்டிப்பு உடையவர் என்பது அவர் பதிப்புகளைப் புரட்டியவர்க்குத் தெரியும். மறுபுறம், இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001இல் தொடங்கப்பட்டதும் இங்கேதான். கேரளப் பள்ளிகளில் லினக்ஸில் கணினி பயின்ற தலைமுறை இன்று முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறது. கட்டளை வரி இவர்களுக்கு அச்சமூட்டும் பொருளன்று. இவ்விரு மரபுகளும் ஒரே ஊரில் இருந்தும் ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் சந்திக்கவில்லை.

இடமில்லை என்ற காரணத்தைச் சற்றே கணக்கிட்டுப் பார்க்கலாம். 40 செ.மீ. நீளமும் 4 செ.மீ. அகலமும் உள்ள ஏட்டை அங்குலத்துக்கு 600 பிக்சல் வீதம் எடுத்தால் ஏறத்தாழ 89 இலட்சம் பிக்சல்கள். வண்ணக் கோப்பு 2 கோடியே 68 இலட்சம் பைட். சாம்பல் 89 இலட்சம். இருநிலை 11 இலட்சத்துக்குச் சற்று மேல். நூறு ஏடுகளின் இருபுறமும் வண்ணத்தில் வைக்க 5.4 ஜிகாபைட் போதும். இழப்பின்றிச் சுருக்கும் பிஎன்ஜி வடிவில் அது இன்னும் குறையும். மாணவரின் கைப்பேசியில் உள்ள திரைப்படங்கள் இதனினும் மிகுதி.

ஆகவே கறுப்பு வெள்ளைப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழிப்பதற்கு நியாயமே இல்லை. மாற்றிய படத்தைப் பயன்படுத்தலாம். அச்சுக்கும் எழுத்துணரிக்கும் அது வேண்டும். ஆனால் பாடம் கொள்ளும் இடத்தில் எந்தக் கருவி, எந்தப் பதிப்பெண், எந்த மதிப்பு என்பது சுவடி எண்ணுக்கும் ஏட்டெண்ணுக்கும் அருகிலேயே அச்சாக வேண்டும். இதனைக் கோப்பின் தலைப்பிலேயே குறிப்புரையாக எழுதிவிடலாமே என்பர். வடிவம் அதற்கு இடந்தருகிறது. ஆனால் அடுத்த மாற்றத்திலேயே கருவி அக்குறிப்பை உதறிவிடும். அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பதற்கும் இவ்வடிவங்களில் இடமில்லை. படமெடுக்கும்போதே ஏட்டின் அருகில் ஓர் அளவுகோலை வைப்பதும், கட்டளைகளைத் தனி உரைக்கோப்பாக எழுதிவைப்பதும் தவிர வேறு வழியில்லை.

இது ஆய்வாளரின் வேலையன்று, கணினிப் பிரிவின் வேலை என்பாரும் உளர். ஏடெழுதியவரின் கைப்பிழையைப் பக்கம் பக்கமாக ஆராயும் துறை, தன் கைப்பிழையைக் கணினிப் பிரிவின் தலையில் ஏற்றுவது விந்தை. வாய்மொழித் தேர்வில் ஒருவரேனும் மாணவரிடம், "இந்தப் புள்ளி ஓலையில் இருக்கிறதா?" என்று கேட்டு, சாம்பல் படத்தைத் திறந்து காட்டச் சொல்லலாம். அதற்கு இரண்டு நிமிடம் ஆகும்.