மேடையில் அப்பா, தூணோரம் அம்மா

காலமான அப்பா, மகளின் கல்யாண வரவேற்பில் திரையில் தோன்றிக் கைதூக்கி வாழ்த்தும் வீடியோக்கள் இப்போது கைப்பேசிக்குக் கைப்பேசி தாவுகின்றன. பழைய புகைப்படம் ஒன்று இருந்தால் போதும், செயற்கை நுண்ணறிவு அதைச் சிரிக்கவும் பேசவும் வைத்துவிடுகிறது. 2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நடந்த கல்யாணத்துக்கு மெடாவெர்ஸ் என்ற மெய்நிகர் உலகில் வரவேற்பு வைத்தார்கள். மணமகளின் மறைந்த தந்தை அங்கே உருவமெடுத்து நின்றார். அதே ஆண்டு ஒட்டன்சத்திரத்தில், விபத்தில் இறந்த தாய்மாமனுக்கு சிலிக்கான் சிலை செய்து, அதன் மடியில் பிள்ளைகளை உட்காரவைத்துக் காது குத்தினார்கள். அரசியலும் சளைத்ததல்ல. தாம்பரமும் பல்லாவரமும் அடங்கிய ஸ்ரீபெரும்புதூர் தொகுதியின் எம்.பி. டி.ஆர்.பாலுவின் தன்வரலாற்று நூல் வெளியீட்டை ஒட்டி, 2018இல் மறைந்த கலைஞர் 2024 ஜனவரியில் திரையில் வந்து நண்பரைப் பாராட்டினார். 'இதென்ன கூத்து, செத்தவர்களைக் கல்யாண வீட்டுக்குக் கூட்டி வருவதா' என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இறந்தவர்களைக் கூப்பிடாமல் நம் வீடுகளில் எந்தக் கல்யாணமும் நடந்ததில்லை. எனக்கு உறுத்துவது வேறு. ராத்திரி திரையில் அப்பா வந்து வாழ்த்திய அதே கல்யாணத்தில், மறுநாள் காலை தாலி ஏறும் நேரத்தில் அம்மா எங்கே நிற்கிறாள்?

இறந்தவர்களைக் கூப்பிடாமல் கல்யாணம் இல்லை என்பதற்கு எங்கள் தாம்பரமே சாட்சி. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்றாக்கித் தாம்பரத்தை மாநகராட்சி ஆக்கினார்கள். காகிதத்தில்தான் அது ஒரே ஊர். மாடம்பாக்கம், பெருங்களத்தூர் போன்ற பழைய கிராமத்துக் குடும்பங்களும், ஓய்வுபெற்றுச் சிட்லபாக்கம் பக்கம் வீடு கட்டிக்கொண்டு வந்தவர்களும், ரயிலேறி வந்து இங்கேயே தங்கிவிட்ட தென்மாவட்டத்துக்காரர்களும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். கல்யாணம் நிச்சயமானால் மூன்று வீட்டிலும் முதல் மரியாதை போய்ச்சேர்ந்தவர்களுக்குத்தான். பழைய கிராமத்து வீட்டில் பூவாடைக்காரிக்குப் படைப்பார்கள். பூவோடும் பொட்டோடும் போன அந்த வீட்டுப் பெண்தான் பூவாடைக்காரி. கும்பம் வைத்து, புதுப்புடவை சாத்தி, அவளை வீட்டுக்கு வரவழைத்த பிறகுதான் பந்தல்கால் நிற்கும். தெற்கத்தி வீட்டில் மணமாகாமலே இறந்த பெண் 'வீட்டுக் கன்னி'. அவளுக்குச் சேலை வைத்துக் கும்பிடுவார்கள். ஓய்வுபெற்று வந்தவர்களில் பிராமண வீடு என்றால் சுமங்கலிப் பிரார்த்தனை: புருஷனுக்கு முன்னால் கண்மூடிய 'பெண்டுகள்' பெயரைச் சொல்லி இலை போட்டு, புடவை வைத்து, பிறகு அந்தப் புடவையை வீட்டுப் பெண்ணொருத்திக்குக் கொடுப்பார்கள். அது போதாதென்று நாந்தி வேறு. எள் கலக்காமல், அழுகை இல்லாமல், மங்கலமாகவே செய்யும் சிராத்தம் அது. முன்னோர்கள் அங்கே கல்யாண விருந்தாளிகள். இந்த வழக்கங்களில் எனக்குப் பிடித்தது ஒன்றுண்டு. இறந்தவளுக்கென்று எடுத்த புடவையை உயிரோடிருப்பவள் உடுத்துகிறாள், இறந்தவளுக்கென்று போட்ட இலைச் சோற்றைப் பசித்தவர்கள் சாப்பிடுகிறார்கள். நினைவு என்பது கடைசியில் யாரோ ஒருவருடைய உடம்புக்கோ வயிற்றுக்கோ வந்துசேர்கிறது.

ஆனால் இந்த மரியாதைக்குள் ஒரு கணக்கும் இருக்கிறது. புருஷனுக்கு முன் போனவள் தெய்வமாகிறாள். புருஷன் போன பிறகு முப்பது வருஷம் இட்லிக்கடை வைத்தோ பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்தோ பிள்ளைகளைக் கரையேற்றியவளுக்குப் பூவாடையும் கிடையாது, பெண்டுகள் இலையும் கிடையாது. நாந்தியில் தாய், பாட்டி என்ற வரிசையில் அவள் பெயர் வரலாம், புடவை அவளுக்கில்லை. சாவிலேயே இப்படித் தரம் பிரித்த கை, வாழ்கிறவளை மட்டும் விட்டுவிடுமா? அழைப்பிதழில் அப்பா 'அமரர்' ஆகிறார், 'தெய்வத்திரு' ஆகிறார். மாலை போட்ட அவர் படம் மேடைவரை வருகிறது. அவரோடு குடும்பம் நடத்தியவள் ஆரத்தித் தட்டைத் தொடமாட்டாள், எதிரே வரமாட்டாள். கன்னிகாதானத்துக்குச் சித்தப்பாவும் சித்தியும் உட்காருவார்கள். விதவை என்ற சொல்லில்கூடப் பொட்டு இல்லை, கைம்பெண் என்று எழுதினால் இரண்டு பொட்டு இருக்கிறது என்று கலைஞர் சொன்னதாக மேடைதோறும் சொல்வார்கள். அரசு விண்ணப்பத்தில் அந்தப் பொட்டு ஏறிவிட்டது. கல்யாண மண்டபத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஒருவரை நினைவில் வைத்திருக்கிறோம் என்பதற்கு ஒரே அத்தாட்சி, அவர் விட்டுப்போனவரை எப்படி நடத்துகிறோம் என்பதுதான் என்று நினைக்கிறேன். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், படத்துக்கு மாலை போட்டு மனைவியைத் தூணோரம் நிறுத்தும் கல்யாணம் அந்த மனிதரை மறந்துவிட்ட கல்யாணம்தான்.

சாஸ்திரம் இடம்கொடுக்காதே என்பார்கள். தானம் கொடுப்பவர் மனைவியோடு சேர்ந்துதான் உட்கார வேண்டும், தனியாக ஒருத்தி எப்படி உட்காருவாள் என்பது கேள்வி. சரி, ராமன் அசுவமேதம் செய்தபோது சீதை பக்கத்தில் இல்லை. பொன்னால் சீதை செய்து வைத்து வேள்வியை நடத்தினான் என்று வால்மீகியின் உத்தர காண்டம் சொல்கிறது. இல்லாதவளுக்குப் பதிலாகப் பாவை வைத்துக் காரியத்தை முடிக்கத் தெரிந்த மரபுக்கு, இருப்பவளை உட்காரவைக்க வழி தெரியாது என்பதை நான் நம்பமாட்டேன். ஒட்டன்சத்திரத்தில் மாமன் சிலைக்கே இடம் கிடைத்தது! சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. இந்துத் திருமணச் சட்டப்படி கன்னிகாதானம் கட்டாயமில்லை என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் சொன்னது. தமிழ்நாட்டில் அதற்கும் முன்பே, அண்ணா ஆட்சியின் 1967ஆம் ஆண்டுத் திருத்தம், உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ கல்யாணம் செல்லும் என்று ஆக்கிவிட்டது. யார் தாரைவார்க்க வேண்டும், யார் எட்டி நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதில் எங்குமே இல்லை. படையலும் வேண்டாம் பிரார்த்தனையும் வேண்டாம், மொத்தத்தையும் ஒழித்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று பகுத்தறிவுக்காரர்கள் சொல்லலாம். அவர்கள் வீட்டு அழைப்பிதழ்களிலும் பெரியார், அண்ணா படங்கள் இருக்கின்றன. இறந்தவர்களை வாசலில் நிறுத்திவிட்டுக் கல்யாணம் செய்ய யாருக்கும் மனம் வருவதில்லை. அதனால் நான் ஒழிக்கச் சொல்லவில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது: 'நாங்கள் கூப்பிட்டோம், அம்மாவேதான் வேண்டாமென்கிறாள்.' பெரும்பாலும் உண்மைதான், ஒதுக்கிவிட முடியாத உண்மை. ஆனால் அவள் ஏன் மறுக்கிறாள்? நாற்பது வருஷமாக அவள் போன கல்யாணங்களிலெல்லாம் தன்னைப் போன்றவர்கள் எங்கே நின்றார்கள் என்று பார்த்திருக்கிறாள். நாளைக்கு மகளுக்கு ஒரு கருச்சிதைவு, மாப்பிள்ளைக்கு வேலை போயிற்று என்றால் 'அன்றைக்கே சொன்னேன், தாலியை அவள் தொட்டாள்' என்று யாராவது கிளம்புவார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். அந்தப் பழி தன்மேல் விழாமலிருக்கத்தான் அவள் முன்கூட்டியே ஒதுங்குகிறாள். இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது நமக்கு வசதி. ஈரோடு மாவட்டத்தில் கணவனை இழந்த பெண்ணைக் கோயிலுக்குள் விடாமல் தடுத்த வழக்கில், 2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடைக்குப் பின்னாலிருந்த நம்பிக்கையைக் கடுமையாகக் கண்டித்து, பெண்ணுக்கு அவளுக்கென்றே அடையாளம் உண்டு, அது கணவன் இருப்பதையோ இல்லாததையோ பொறுத்ததல்ல என்று தெளிவுபடுத்தியது. நீதிபதி தடுப்பவர்களைத் தடுக்கலாம். தானாகப் பின்வாங்குகிறவளைக் கைபிடித்து முன்னே கொண்டுவர அவரால் ஆகாது, வீட்டார்தான் வேண்டும். சகோதரி சுப்புலட்சுமியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சிறுவயதிலேயே கணவனை இழந்த அவர் 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றவர், இளம் விதவைகளுக்கு விடுதி நடத்திப் படிக்கவைத்தவர். 1954இல் அவர் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நலமையம் தொடங்க உதவிய இடம் நம் மாடம்பாக்கம். அவர் விடுதியில் படித்த பெண்கள் ஆசிரியைகளாகிப் போனார்கள். தைரியம் வந்த பிறகு வாருங்கள் என்று அவர் காத்திருந்திருந்தால் ஒருத்தியும் வந்திருக்கமாட்டாள்.

இப்போதெல்லாம் யார் பார்க்கிறார்கள், காலம் மாறிவிட்டதே என்றும் சொல்வார்கள். பாதி மாறியிருக்கிறது. மாலை வரவேற்பில் அம்மா பட்டுப்புடவையில் மேடையேறி எல்லோரோடும் படம் எடுத்துக்கொள்கிறாள். காலையில் கெட்டிமேளம் கேட்டதும் அவளே நான்கடி பின்னால் போய்விடுகிறாள். பார்ட்டியில் சமத்துவம், சடங்கில் பழையபடி. இந்தப் பாதி மாற்றத்தைத்தான் திரையில் வரும் அப்பா மூடி மறைக்கிறார். அவர் பேசுவது அவர் பேச்சு இல்லை, மச்சினனோ வீடியோக்காரரோ எழுதிக் கொடுத்தது. 'உன் கூடவே இருக்கிறேன் கண்ணு' என்று மகளிடம் சொல்ல வைக்கிறார்கள். அந்த மகளுக்கு அது ஆறுதல் என்றால் மறுக்க நான் யார்? ஆனால் எழுதிக் கொடுப்பதுதான் என்று ஆன பிறகு, 'என் பெண்டாட்டியை ஏன் அங்கே நிறுத்தியிருக்கிறீர்கள்' என்று ஒரு வரி அவர் வாயில் ஏன் யாரும் வைப்பதில்லை?

முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால் தேங்காய்மேல் தாலியை வைத்து, தட்டை மண்டபம் முழுக்கக் கொண்டுபோவார்கள். பெரியவர்கள் தொட்டுக் கும்பிட்டு, கையில் அட்சதையை எடுத்துக்கொள்வார்கள். தட்டு ஏந்தி வரும் பெண்ணுக்கு யாரைத் தாண்டிப் போக வேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை, பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டிருப்பாள். மணப்பெண்ணோ மாப்பிள்ளையோ முந்தின நாளே அவளைக் கூப்பிட்டு, தட்டை முதலில் அந்தத் தூணோரம் கொண்டுபோகச் சொல்லிவைக்கலாம். அதற்கு வாத்தியாரைக் கேட்க வேண்டியதில்லை, வீடியோக்காரருக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டியதுமில்லை.