நூறு வயதிலும் தர்ணா



முதுமையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நடைப்பயிற்சி, சர்க்கரை அளவு, மூட்டுவலி என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பெங்களூருவின் எச்.எஸ்.துரைசாமியை அந்தப் பட்டியலுக்குள் அடக்க முடியாது.

1918-ல் பிறந்தவர். கல்லூரியில் படித்து, பள்ளியில் பாடம் நடத்தி, 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் சிறை சென்றவர். நெருக்கடி நிலையின்போது பிரதமர் இந்திரா காந்திக்குக் கண்டனக் கடிதம் எழுதி மறுபடியும் உள்ளே போனார். அப்போதே வயது 57. பலர் ஓய்வூதியக் கணக்குப் பார்க்கும் பருவம்!

அதோடு ஓயவில்லை. நகரத்தின் குப்பையெல்லாம் மண்டூர் கிராமத்தில் கொட்டப்பட்டபோது அந்த மக்களோடு நின்றார். அரசு நில ஆக்கிரமிப்பை எதிர்த்துத் தர்ணாவில் அமர்ந்தார். 101 வயதில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான மேடைகளில் பேசினார். 2020-ல் பா.ஜ.க. எம்.எல்.ஏ. ஒருவர் அவரைப் போலி விடுதலைப் போராளி என்று ஏசியதும், சட்டப்பேரவையே அமளியானது. இவ்வளவு வயதானவருக்கு எதிரிகள் மிஞ்சியிருந்தார்கள் என்றால், அவர் இன்னும் களத்தில் இருந்தார் என்றுதானே பொருள்? கொரோனாவிலிருந்து மீண்ட சில நாள்களில், 2021 மே 26 அன்று, 103 வயதில் மறைந்தார்.

அரசியல் வேண்டாம் என்பவர்களுக்கு ஜக்கூர் ஆய்வு மையத்தை நிறுவிய சி.என்.ஆர்.ராவ் இருக்கிறார். 90 கடந்தும் வேதியியலை விடவில்லை.

எச்.ஏ.எல்., பி.இ.எல்., எச்.எம்.டி. ஆலைகளில் உழைத்து ஓய்வுபெற்றவர்கள் நிறைந்த நகரம் இது. பூங்காவில் பெஞ்சு போட்டால் போதுமா? வார்டு கமிட்டிகளில் அவர்களுக்கு நாற்காலி போடட்டும்.

- ஒரு வாசகர், பெங்களூரு